பூதலூர்: தண்ணீர் வருவதற்குள் சைக்கிள்!

தஞ்சாவூரில் திருச்சி பாசஞ்சர் ஏறினால், ஆலக்குடியைத் தாண்டியதும் பூதலூர். பெரிய ஊர் என்று சொல்ல முடியாது. சின்ன ஊர் என்று தள்ளிவிடவும் முடியாது. தாலுகாவின் தலைமையிடம், கல்லணையே இந்தத் தாலுகாவுக்குள்தான் இருக்கிறது. வடக்கே போனால் திருக்காட்டுப்பள்ளி. தெற்கே போனால் செங்கிப்பட்டி, அங்கே திருச்சி - தஞ்சாவூர் நான்குவழிச் சாலை.

இந்த இரண்டு திசைகளுக்கும் மண்ணே வேறு. திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் ஆறும் வாய்க்காலும் பாயும் களிமண் வயல். செங்கிப்பட்டிப் பக்கம் செம்மண் மேடு, சரளை, முந்திரியும் சவுக்கும் வளரும் பூமி. காவிரிச் சமவெளி முடிந்து மேட்டு நிலம் தொடங்குகிற விளிம்பில் உட்கார்ந்திருக்கிறது பூதலூர். விவசாயிக்கு இது பயிர்க் கணக்கு. சைக்கிள் பழகும் பிள்ளைக்கு இது வேறு கணக்கு: ஒரே ஊரில் இரண்டு விதமான தரை! பிசுபிசுவென்று சக்கரத்தைப் பிடிக்கும் மண் ஒரு பக்கம், வழுக்கிவிடும் சரளை இன்னொரு பக்கம். இரண்டிலும் விழாமல் போகத் தெரிந்த பிள்ளை எந்தச் சாலையிலும் போகும்.

கல்லணையில் தண்ணீர் நான்காகப் பிரிகிறது. காவிரி, வெண்ணாறு, கொள்ளிடம், நான்காவதாகக் கல்லணைக் கால்வாய். இந்தக் கால்வாய்தான் பூதலூர் வட்டாரத்தைத் தொட்டுக்கொண்டு தஞ்சாவூர் நகரத்துக்குள் நுழைந்து, பட்டுக்கோட்டை, பேராவூரணி வரை போய், புதுக்கோட்டை மாவட்டத்தின் கடைமடையையும் எட்டுகிறது. 1934-ல் மேட்டூர் அணையோடு சேர்ந்த திட்டமாக வந்தது. தஞ்சாவூர்க்காரர்கள் இதைப் ‘புது ஆறு’ என்பார்கள். தொண்ணூறு வயது தாண்டியும் புதுசுதான்! கரிகாலன் கட்டிய கல்லணையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால் அதுவும் நியாயம்தான்.

ஆற்றுக்கும் சைக்கிளுக்கும் என்ன சம்பந்தம்? நிறைய இருக்கிறது.

மேட்டூர் அணை பாசனத்துக்குத் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. மூடும் நாள் ஜனவரி 28. மழையைப் பொறுத்து முன்னே பின்னே ஆகும். 2022-ல் மே 24-ம் தேதியே திறந்துவிட்டார்கள். 2024-ல் ஜூலை கடைசி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆனால் பொதுவாக, பிப்ரவரியிலிருந்து மே வரை கால்வாயில் தண்ணீர் ஓடாது. சம்பா, தாளடி அறுவடை முடிந்திருக்கும். ஆழ்துளைக் கிணறு உள்ளவர்கள் கோடைப் பயிர் வைத்திருப்பார்கள். மற்ற வயல்கள் வெடித்துக் கிடக்கும். நெல்லடிக்கும் களம் காலியாக இருக்கும். அந்த நேரத்தில்தான் பள்ளிக்கூடத்துக்கு முழுப் பரீட்சை முடிந்து கோடை விடுமுறை விடுகிறார்கள்.

டெல்டாவில் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் சைக்கிள் பழகுவது இந்த ஏப்ரல், மே மாதங்களில்தான். யாரும் திட்டம் போட்டுச் செய்ததல்ல. வாய்க்கால் காய்ந்திருக்கிறது, களம் சும்மா கிடக்கிறது, பிள்ளை வீட்டில் சும்மா இருக்கிறது. குருவைக்குத் தண்ணீர் வருவதற்குள் பழகிவிட வேண்டும். அப்புறம் கரையில் சறுக்கினால் விழுவது மண்ணில் அல்ல, ஓடுகிற தண்ணீரில். சமீப ஆண்டுகளில் கல்லணைக் கால்வாயின் பல பகுதிகளில் கரையின் உட்பக்கம் கான்கிரீட் போட்டிருக்கிறார்கள். பிடித்து ஏறப் புல்லும் வேரும் இல்லாத வழவழப்பான சரிவு அது. பழைய மண் கரையைவிட அதற்கு அதிகமாகப் பயப்பட வேண்டும்.

பாருக்குக் கீழே ஒரு கால்

நாற்பது வயதைத் தாண்டியவர்களிடம் கேட்டால் எல்லோரும் ஒரே கதையைத்தான் சொல்வார்கள். வாடகை சைக்கிள் கடை, மணிக்கணக்கு நோட்டு, காலுக்கு எட்டாத பெரிய சைக்கிள். சீட்டில் உட்கார முடியாது. அதனால் பாருக்குக் கீழே வலது காலை நுழைத்து, உடம்பை ஒரு பக்கம் வளைத்து, பாதி மிதித்துப் பாதி தொங்கி ஓட்டுவது. குரங்கு பெடல்! 2024-ல் அதே பெயரில் ஒரு திரைப்படமே வந்தது. ராசி அழகப்பன் எழுதிய கதையிலிருந்து கமலக்கண்ணன் எடுத்த படம்.

அந்தக் காலத்து வாத்தியார் சித்தப்பாவாகவோ, பக்கத்து வீட்டு அண்ணனாகவோ இருப்பார். கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடி வருவார். பாடம் இரண்டே வரி. “கீழ பாக்காத, நேராப் பாரு!” “மிதி, மிதி, நிறுத்தாம மிதி!” கொஞ்ச தூரம் போனதும் சொல்லாமல் கொள்ளாமல் கையை எடுத்துவிடுவார். பிள்ளை திரும்பிப் பார்க்கும், விழும். முட்டியில் சிராய்ப்பு, தேங்காய் எண்ணெய், மறுநாள் மறுபடியும்.

இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை என்று நினைக்கத் தோன்றும். ஆனால் இந்த முறையில் கிடைத்தது பேலன்ஸ் மட்டும்தான். எப்படி நிறுத்துவது, எப்படித் திரும்புவது, பின்னால் என்ன வருகிறது என்று எப்படிப் பார்ப்பது, ஒரு கையை எடுத்துவிட்டு எப்படி நேராகப் போவது என்று யாரும் சொல்லித் தரவில்லை. அன்றைக்குச் சாலையில் மாட்டு வண்டியும் மணிக்கு ஒரு பேருந்தும்தான். அதனால் தப்பித்தார்கள். இன்றைக்கு அதே சாலையில் டிப்பர் லாரியும் அறுவடை இயந்திரமும் டிராக்டரும் காரும் போகின்றன. பேலன்ஸ் போதாது.

பக்கத்து மாவட்டத்தில் நடந்தது

சைக்கிள் ஓட்டுவதை முறையாக, கூட்டமாக, வெட்கப்படாமல் சொல்லிக்கொடுக்க முடியுமா? முடியும் என்று காட்டிய இடம் எங்கோ ஐரோப்பாவில் இல்லை. பூதலூருக்குத் தெற்கே, செம்மண் மேட்டைத் தாண்டினால் வந்துவிடும் புதுக்கோட்டை மாவட்டம்தான் அது.

1991-ல் அங்கே அறிவொளி இயக்கம் தொடங்கியது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு, அதிலும் குறிப்பாகப் பெண்களுக்கு, எழுத்து சொல்லித்தரும் இயக்கம். அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத், எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்தார். படிக்க வரும் பெண்ணும், படிப்பிக்கப் போகும் பெண்ணும் ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்கு யாரையும் எதிர்பார்க்காமல் போய்வர வேண்டும் என்பது யோசனை. சைக்கிள் வாங்க வங்கிக் கடனுக்கு ஏற்பாடு செய்தார். ஒவ்வொரு ஒன்றியத்துக்கும் பொறுப்பு பிரித்துக் கொடுத்தார். முதலில் இயக்கத் தொண்டர்களான பெண்கள் பழகினார்கள். அவர்களைப் பார்த்துக் கற்போர் பழகினார்கள். அப்புறம் ஊரே பழகியது.

கேலி, கிண்டல், காது கூசும் பேச்சு எல்லாம் இருந்தது. பெண்கள் நிறுத்தவில்லை. பத்திரிகையாளர் பி.சாய்நாத் நேரில் போய் எழுதியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சி முகாமுக்குப் பெண்கள் விசேஷத்துக்குப் போவதைப்போல உடுத்திக்கொண்டு வந்ததையும், ஒரு கடையில் லேடீஸ் சைக்கிள் விற்பனை ஒரே வருடத்தில் 350 சதவிகிதம் கூடியதையும் அவர் பதிவு செய்திருக்கிறார். லேடீஸ் சைக்கிளுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாத பெண்கள் பார் வைத்த ஆண்கள் சைக்கிளையே வாங்கிப் போனார்கள். அதிலும் ஒரு வசதி கண்டுபிடித்தார்கள்: அந்தப் பாரில் குழந்தையை உட்கார வைக்கலாம்! சில வருடங்களுக்குள் ஒரு லட்சம் கிராமத்துப் பெண்கள் சைக்கிள் பழகியதாகச் சாய்நாத்தின் கணக்கு.

இதில் குழந்தைகள் எங்கே வந்தார்கள் என்று கேட்கலாம். அந்தப் பாரில்தான். கேரியரிலும்தான். அம்மா ஓட்டிப் பார்த்து வளர்ந்த பெண்பிள்ளைக்கு, ‘எனக்கும் சொல்லிக் கொடு’ என்று கேட்பதில் தயக்கம் இருக்காது. அந்த முகாம்களிலிருந்து இன்றைக்கு எடுத்துக்கொள்ள வேண்டியவையும் எளியவை. பயிற்சிக்கு ஒரு நாள் குறித்திருந்தார்கள், ஓர் இடம் குறித்திருந்தார்கள். கற்றவர் அடுத்தவருக்குச் சொல்லித் தர வேண்டும் என்பது நடைமுறையாக இருந்தது. வயதான பெண்களே பழகிவிட்ட முறையில் பத்து வயதுப் பிள்ளை பழகாதா?

பெடலைக் கழற்று முதலில்

‘கிளப்’ என்றதும் தலைக்கவசமும் பளபளக்கும் உடையும் லட்ச ரூபாய் சைக்கிளும் நினைவுக்கு வந்துவிடுகின்றன. பெரிய நகரங்களில் அப்படியும் இருக்கின்றன, இருக்கட்டும். பூதலூர் மாதிரி ஊருக்கு ஒரு மைதானம், ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு மணி நேரம், பொறுமையுள்ள பெரியவர்கள் இரண்டு பேர், பிள்ளைகள் உயரத்துக்கு இரண்டு மூன்று சைக்கிள், ஒரு ஸ்பேனர், கொஞ்சம் சுண்ணாம்புத் தூள் போதும். தலைக்கவசம் மட்டும் அவசியம்.

ஸ்பேனர் எதற்கு? பெடலைக் கழற்றுவதற்கு.

இது புதுமை இல்லை. 1817-ல் ஜெர்மனியின் மான்ஹைம் நகரில் கார்ல் டிரைஸ் ஓட்டிக் காட்டிய முதல் இருசக்கர வண்டிக்குப் பெடலே கிடையாது. கால்களால் தரையை உந்தி உந்தி ஓட்டிய மர வண்டி. பெடல் வர இன்னும் நாற்பது வருடத்துக்கு மேல் ஆயிற்று. மனிதர்கள் பேலன்ஸைத்தான் முதலில் கற்றார்கள், மிதிப்பதைப் பிறகு. நாம் பிள்ளைகளுக்குத் தலைகீழாகச் சொல்லித் தருகிறோம். பக்கச் சக்கரம் மாட்டி மிதிக்க வைத்துவிட்டு, அப்புறம் அதைக் கழற்றிப் பேலன்ஸுக்குத் தவிக்க விடுகிறோம்.

பெடலைக் கழற்றிவிட்டு, இரண்டு பாதமும் தரையில் முழுசாகப் பதியும்படி சீட்டை இறக்கிவிட வேண்டும். பிள்ளை முதலில் நடக்கும். பிறகு உந்தும். பிறகு இரண்டு காலையும் தூக்கிக்கொண்டு வழுக்கிப் போகும். கேரியரைப் பிடிக்க ஆளே தேவையில்லை. விழப்போகிறது என்றால் கால் தானாகத் தரைக்கு வந்துவிடும். இலேசான சரிவு இருந்தால் இன்னும் நல்லது. டெல்டாவில் சரிவுக்கு எங்கே போவது? செங்கிப்பட்டிப் பக்கத்து மேட்டில் கிடைக்கும். அல்லது தண்ணீர் இல்லாத மாதத்தில், கரையிலிருந்து ஊர்ப்பக்கமாகக் களத்துக்கு இறங்கும் வண்டித்தடம். எப்போதும் வயல் பக்கச் சரிவுதான், கால்வாய்ப் பக்கம் கூடவே கூடாது.

சைக்கிள் ஏன் விழாமல் நிற்கிறது? சக்கரம் சுழல்வதால் என்று பள்ளியில் சொல்லியிருப்பார்கள். அந்த விளக்கம் மட்டும் போதாது என்று நெதர்லாந்தின் டெல்ஃப்ட், அமெரிக்காவின் கார்னல் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2011-ல் ஒரு விசித்திர சைக்கிளைச் செய்தே காட்டினார்கள். ஆளில்லாமல் உருட்டிவிட்டால் அது தானாக நிமிர்ந்து ஓடியது, சுழற்சியின் உதவி இல்லாமலேயே. விழுகிற பக்கமாக ஹேண்டில்பார் திரும்பிக்கொடுப்பதுதான் அதில் முக்கியமான சூட்சுமம். பிள்ளைக்குச் சொல்ல வேண்டியதும் அவ்வளவுதான்: எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் ஹேண்டிலைத் திருப்பு. பயந்துபோன பிள்ளை எதிர்ப்பக்கம் ஒடிக்கும். விழும்.

இரண்டாவது பாடம் கண். சைக்கிள் கண் போகும் இடத்துக்குத்தான் போகும். எதிரில் எருமை நிற்கிறது, அதில் மோதிவிடக் கூடாது என்று எருமையையே பார்த்துக்கொண்டு போகும் பிள்ளை நேராக எருமையிடம்தான் போய்ச் சேரும். அந்த அண்ணன்களின் “நேராப் பாரு” அறிவியல்பூர்வமானதுதான், காரணம்தான் சொல்லவில்லை. இரண்டு செங்கல்லை இடைவெளி விட்டு வைத்து, ‘செங்கல்லைப் பார்க்காதே, நடுவில் இருக்கும் வெற்றிடத்தைப் பார்’ என்று ஓட்டச் சொன்னால் ஒரே காலையில் புரிந்துவிடும்.

மூன்றாவது பிரேக். ‘முன் பிரேக் பிடிச்சா குப்புறக் கவுத்துடும்’ என்ற பயம் எல்லா ஊரிலும் உண்டு. அதனால் பல பிள்ளைகள் முன் பிரேக்கைத் தொடுவதே இல்லை. ஆனால் நிறுத்தும்போது எடை முன் சக்கரத்துக்குப் போவதால், வண்டியை நிறுத்தும் சக்தி அங்கேதான் அதிகம். இரண்டையும் சேர்த்து, வெடுக்கென்று இல்லாமல் எலுமிச்சை பிழிவதைப்போல அழுத்தப் பழக்க வேண்டும். பிருஷ்டத்தைச் சற்றுப் பின்னால் தள்ளிக்கொள்ள வேண்டும். இங்கேதான் பூதலூரின் இரண்டு மண்ணும் வேலைக்கு வருகின்றன. தார்ச்சாலையில் சரியாக நின்ற அதே அழுத்தத்துக்குச் சரளையில் முன் சக்கரம் வழுக்கும். சொல்லிப் புரியவைப்பதைவிட, மெதுவான வேகத்தில் இரண்டு இடத்திலும் செய்து பார்க்க வைப்பது நல்லது.

நான்காவதுதான் உயிர் காக்கும் பாடம். அதைத்தான் எவரும் சொல்லித் தருவதில்லை. திரும்பிப் பார்ப்பது. தலையை வலது பக்கம் திருப்பினால் கையும் கூடவே திரும்பும், சைக்கிள் வலப்பக்கம், அதாவது லாரி வரும் தடத்துக்குள், போய்விடும். பயிற்சி எளிது. சுண்ணாம்பால் நீளமாக ஒரு கோடு. பிள்ளை அதன் மேல் ஓட்ட வேண்டும். பின்னால் நிற்கும் பெரியவர் விரல்களைக் காட்டுவார். பிள்ளை திரும்பிப் பார்த்து ‘மூணு’, ‘அஞ்சு’ என்று சொல்ல வேண்டும், கோட்டை விட்டு விலகாமல். இது கைவந்த பிறகுதான் ஒரு கையை நீட்டி சைகை காட்டுவது. வலப்பக்கம் திரும்பும்போது எதிரே வரும் வண்டியைக் குறுக்கே கடக்க வேண்டியிருப்பதால், அந்தத் திருப்பத்தைக் கடைசியில் சொல்லித்தர வேண்டும். நெரிசலில் இறங்கித் தள்ளிக்கொண்டு கடப்பது கௌரவக் குறைச்சல் இல்லை என்பதையும் சேர்த்து.

இங்கிலாந்தில் 2007-லிருந்து ‘பைக்கபிலிட்டி’ என்ற பெயரில் பள்ளிப் பிள்ளைகளுக்கு மூன்று படிகளில் பயிற்சி தருகிறார்கள். முதல் படி மைதானத்துக்குள். இரண்டாவது, அமைதியான தெருவில். மூன்றாவது, போக்குவரத்துள்ள சாலையில். பூதலூருக்கு அப்படியே பொருத்திக்கொள்ளலாம்: பள்ளி மைதானம், ஊருக்குள் தெரு, அப்புறம்தான் திருக்காட்டுப்பள்ளி சாலை. செங்கிப்பட்டி நான்குவழிச் சாலைக்கு எந்தப் படியும் கிடையாது. அது பிள்ளைகளுக்கான சாலையே இல்லை.

நெல்லும் வைக்கோலும்

டெல்டா பிள்ளைக்கென்று தனியாகச் சில பாடங்கள் உண்டு. எந்த வெளிநாட்டுப் பாடத்திட்டத்திலும் இவை இருக்காது.

அறுவடைக் காலத்தில் பாதிச் சாலையில் நெல் காயும். நெல்மணி மேல் சக்கரம் ஏறினால் பால்ரஸ் மேல் ஏறியதைப்போலத்தான். அங்கே பிரேக்கும் பிடிக்கக் கூடாது, ஹேண்டிலையும் ஒடிக்கக் கூடாது. மிதிப்பதை நிறுத்தி நேராக உருண்டு கடக்க வேண்டும். அதைவிட, இறங்கித் தள்ளிக்கொண்டு போனால் சைக்கிளும் தப்பும், நெல்லுக்காரரிடம் திட்டும் மிஞ்சும். வைக்கோல் செயினில் சுற்றிக்கொள்ளும். தாவணி, துப்பட்டா, புடவை நுனியும் அப்படித்தான். மழைக்காலக் களிமண் மட்கார்டுக்குள் அப்பிச் சக்கரத்தையே நிறுத்திவிடும். ஒரு குச்சியால் அதைத் தோண்டி எடுக்கத் தெரிவதும் சைக்கிள் பழகுவதில் அடக்கம். மாலையில் ஆடு மாடு திரும்பும் நேரத்தில் மணியடித்தால் ஆடு ஒதுங்கும், மாடு ஒதுங்காது.

தமிழக அரசின் விலையில்லா சைக்கிள் 11-ம் வகுப்பில் கிடைக்கிறது. 2001-02-ல் பட்டியல் சாதி, பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கி, பிறகு அரசு, அரசு உதவி பெறும் பள்ளி மாணவ மாணவிகள் எல்லோருக்கும் விரிந்த திட்டம். சுற்றுக் கிராமத்துப் பெண்பிள்ளைகள் மேல்நிலைப் படிப்பைத் தொடர அது பெரிய துணை என்பதில் சந்தேகமில்லை. சைக்கிள் கையில் வருகிறது, மறுநாளே சாலையில் இறங்குகிறது. நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட யாரும் மைதானத்தில் கோடு போட்டுத் தருவதில்லை. இன்னொரு விபரீதம், பல வீடுகளில் சைக்கிளில் திரும்பிப் பார்க்கப் பழகாத பிள்ளை, பதினான்கு வயதில் அப்பாவின் ஸ்கூட்டரை எடுத்துவிடுகிறது. அதைப் பெருமையாகச் சொல்லும் அப்பாக்களும் இருக்கிறார்கள்.

பழகிய பிள்ளையைச் சோதிக்க வெளியூர் நடுவர் தேவையில்லை. பொங்கல் விளையாட்டு விழாவில் உறியடிக்கும் சாக்கு ஓட்டத்துக்கும் நடுவே ஸ்லோ சைக்கிள் ரேஸ் நடக்கும். கடைசியாக வருபவருக்குப் பரிசு. கால் ஊன்றினால் அவுட். வேகமாகப் போக யாராலும் முடியும். நடப்பதைவிட மெதுவாக, விழாமல், பக்கத்துச் சைக்கிளில் மோதாமல் போவதற்குத்தான் கண்ணும் பிரேக்கும் ஹேண்டிலும் சேர்ந்து வேலை செய்ய வேண்டும். மைதானத்தில் நாலைந்து ஞாயிறு பழகிய பிள்ளைகளுக்கு அந்த ரேஸை ஒவ்வொரு வாரக் கடைசியிலும் வைக்கலாம். கூட்டமும் சேரும், சிரிப்பும் இருக்கும்.

கடைசியாக, பெடலைத் திரும்ப மாட்டப் போகிறவர்களுக்கு ஒரு விஷயம். வலது பெடல் எல்லாத் திருகாணியும்போல வலஞ்சுழியாக முடுக்கினால் இறுகும். இடது பெடலின் மரை நேர்மாறு. இடஞ்சுழியாகத் திருப்பினால்தான் இறுகும். தெரியாமல் பலங்கொண்ட மட்டும் முடுக்கினால் மரை போய்விடும். அப்புறம் சைக்கிள் கடைக்குத்தான் போக வேண்டியிருக்கும்.